வாஃபிள் வருமா, வராதா?

வெண்டல் ஓஸ்ட்ராம் இடது கையில் ரொட்டிச் சுருளான பர்ரிட்டோவும் வலது கையில் போனுமாக நின்று செய்த காரியம் அது. பர்ரிட்டோவின் அடிப்பக்கம் பிய்ந்து பீன்ஸ் வழிந்தது. சட்டையைக் காப்பாற்றப் போனவரின் கட்டைவிரல் போனில் எங்கேயோ அழுந்தியது. மகளுக்குப் போகவேண்டிய ஒரு வரி, 'ஹேலர் க்ரீக்' தொடரின் அதிகாரபூர்வ ரசிகர் பேரவையின் பொதுப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. சட்டையும் தப்பவில்லை.

"கடைசி எபிசோட்ல வாஃபிள் திரும்பி வரும். எனக்குத் தெரியும்."

வாஃபிள் என்பது நாய். முதல் சீசனில் ஷெரீஃபின் போலீஸ் வண்டியைத் துரத்திக்கொண்டு பனிமூட்டத்துக்குள் ஓடியது, ஓடியதுதான். அதற்குப் பிறகு வந்த சீசன்களில் ஷெரீஃப் மூன்று கல்யாணம் செய்துகொண்டார், ஊர் ஒருதடவை வெள்ளத்தில் மூழ்கியது, செத்துப்போன மேயர் தன் இரட்டைச் சகோதரனாக வந்து மறுபடியும் தேர்தலில் நின்று தோற்றார். நாயைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

முடிவைப் பற்றி என்ன எழுதினாலும் அதன் மேல் கறுப்புப் பட்டை போட்டு மறைக்கவேண்டும் என்பது பேரவையின் விதி. பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம், மற்றவர்கள் கண்ணை மூடாமல் கடந்து போகலாம். பட்டை இல்லாமல் போடுவது பேரவைச் சட்டத்தில் கொலைக்கு ஒரு படி கீழே. ஒரு படிதான்.

வெண்டல் ஃப்ரெஸ்னோவில் குழாய்ச் சாமான் கடையின் கவுன்டரில் நிற்பவர். எவனுக்கு எந்த வாஷர் என்று கேட்டு எடுத்துக் கொடுப்பதைத் தவிர யாருக்கும் எந்தச் சேதியும் சொல்லாதவர். மனைவி பிரிந்து போய்ஸி நகரத்துக்குப் போனபோது மகள் டெலேனியையும் கூட்டிக்கொண்டு போனாள். அப்போது டெலேனிக்கு வாஃபிளுக்காக அழுகிற வயது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் இங்கேயும் அவள் அங்கேயும் ஒரே நிமிஷத்தில் டி.வி.யைப் போட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். மற்ற நாளில் அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு ஓடாது. "அங்க மழையா?" "இல்லப்பா." "இங்கயும் இல்ல." அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒருமணி நேரம் ஷெரீஃபைத் திட்டுவதில் அப்படி ஒரு ஒற்றுமை.

இப்போது தொடர் முடியப்போகிறது. அதற்குப்பின் மழையைத் தவிர என்ன இருக்கிறது என்று வெண்டலுக்குத் தெரியவில்லை. நல்லவேளையாக, பேரவைக் குலுக்கலில் அவர் பெயர் விழுந்திருந்தது. பர்பேங்கில் ஸ்டுடியோவின் சொந்தத் தியேட்டரில் கடைசி எபிசோடைப் பார்க்க இரண்டு இருக்கைகள். டெலேனி விமான டிக்கெட் எடுத்துவிட்டாள். முதல்முறையாக இரண்டுபேரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஷெரீஃபைத் திட்டப்போகிறார்கள். அந்தச் சந்தோஷத்தில்தான் பர்ரிட்டோவும் கையுமாக அந்த வரியைத் தட்டினார்.

மறுநாளே பீட்ஸா கடையின் பிறந்தநாள் அறையில் மத்திய கலிபோர்னியாக் கிளை கூடியது. சுவரில் பலூன்கள். கிளைத் தலைவி டார்லா ஃபின்ச் வீடு விற்றுக்கொடுக்கும் தொழில் செய்பவர். கழிவறை இல்லாத வீட்டைக்கூடத் 'தடையற்ற காற்றோட்டம்' என்று விற்றவர் என்று பேச்சு.

"மிஸ்டர் ஓஸ்ட்ராம் மேல உள்ள குற்றச்சாட்டை இப்ப படிக்கிறேன்" என்று எழுந்து நின்று ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்தார். அட்டை முழுக்கக் கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தது. "விதிப்படி இதைப் படிக்க முடியாது. எல்லாரும் மனசுக்குள்ள கண்டிச்சுக்குங்க."

எல்லாரும் மனசுக்குள் கண்டித்தார்கள். சிலருக்கு முகம் சிவந்தது.

"யோவ் வெண்டல்" என்றார் ரஸ் டிபெட்ஸ். திராட்சைத் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுகிறவர், கடைக்கு வாடிக்கை. "நேராச் சொல்லு. ஸ்டுடியோ உள்ள உனக்கு ஆள் இருக்கா?"

"எனக்கு வெளியவே ஆள் இல்லய்யா."

"அப்புறம் எப்படி 'எனக்குத் தெரியும்'னு போட்ட?"

"பொண்ணு சந்தோஷப்படுமேன்னு போட்டேன்."

அறையில் ஒருத்தரும் நம்பவில்லை. சினிமாவுக்காகவும் டி.வி.க்காகவும் வாழ்கிறவர்கள் அவர்கள். காரணம் இவ்வளவு சின்னதாக இருந்தால் அதன் பின்னால் பெரியதாக ஒன்று இருந்தே ஆகவேண்டும். உறுப்பினர் பதவி நிறுத்திவைப்பு, இருக்கைகள் மறு உத்தரவு வரும்வரை முடக்கம் என்று தீர்ப்பானது. பீட்ஸாவுக்கு வெண்டல்தான் காசு கொடுத்தார். அது தீர்ப்பில் இல்லை, அவராகவே கொடுத்தது. அவர் சுபாவம் அப்படி.

வண்டி நிற்கும் இடத்தில் ரஸ் காத்துக்கொண்டிருந்தார். "டேய், எனக்கு மட்டும் சொல்லு. ஷெரீஃப் கிட்டயா போகும், இல்ல அந்த விதவை கிட்டயா?"

"எனக்குத் தெரியாது ரஸ்."

"சரிடா, நல்லா நடிக்கிற. ஒண்ணும் தெரியாதவன் இவ்வளவு அழகா 'தெரியாது'ன்னு சொல்லமாட்டான்."

அவர் போனதும் டார்லா. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வெண்டல், தலைவியா கேக்கல. ஒரு மனுஷியாக் கேக்கறேன். உயிரோடதானே வரும்?"

ஸ்டுடியோ இரண்டு நாள் கழித்து அறிக்கை விட்டது. 'ஹேலர் க்ரீக்கில் நாய் இருந்ததையோ, இல்லாததையோ, இனி இருக்கப்போவதையோ நாங்கள் உறுதிசெய்யவும் மாட்டோம், மறுக்கவும் மாட்டோம். ரசிகர்களின் விசுவாசத்துக்கு நன்றி.' விசுவாசம் என்ற சொல்லைப் பேரவை பிடித்துக்கொண்டது. நாயைத் தவிர வேறு எதைப் பற்றியாவது பேசும்போது அந்தச் சொல்லை யார் போடுவார்கள்? அலாஸ்காவில் ஒருவர் அறிக்கையை அச்சடித்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, ஸ்டுடியோ முத்திரையில் ஒரு காது தெரிகிறது என்றார். மற்றவர்களும் தலைகீழாகப் பிடித்தார்கள். தெரிந்தது.

அந்த வாரமே ஸ்டுடியோவின் கடையில் பஞ்சு வாஃபிள் பொம்மை விற்பனைக்கு வந்தது. அடுத்த வாரம் ஒரு பெரிய விழா நடத்தி, 'பெயரிடப்படாத நாய்ப் படம் – ஒன்று', 'பெயரிடப்படாத நாய்ப் படம் – இரண்டு' என இரண்டு சினிமாக்களை அறிவித்தார்கள். கதை முடிவாகவில்லை, நடிகர் முடிவாகவில்லை, எந்த ஜாதி நாய் என்பதும் முடிவாகவில்லை. வெளியாகும் தேதி மட்டும் முடிவாகியிருந்தது. முன்னோட்டத்துக்கு ஒரு முன்னோட்டமும் போட்டார்கள். கறுப்புத் திரை, ஒரு குரைப்பு, அப்புறம் தேதி. கூட்டத்தில் பாதிப்பேர் அழுதார்கள்.

வெண்டலும் சமையலறையில் நின்று அதைப் பார்த்து அழுதார். அதோடு விடவில்லை. இரண்டு படத்துக்கும் முன்பதிவு செய்து, வரப்போகும் படங்களின் தேதிகளைக் காந்தம் வைத்து ஒட்டும் ஃப்ரிட்ஜ் கதவில் அவற்றையும் சேர்த்தார். அதில் ஏற்கெனவே இருந்த, கதை தெரியாத ஏழெட்டுப் படங்களுக்காகவும் அவர் ஆவலோடு காத்திருந்தார். அன்றைக்குத்தான் அவருக்கே ஒரு சந்தேகம் தட்டியது. ஸ்டுடியோவே படம் எடுக்கிறது என்றால் சும்மாவா எடுப்பார்கள்? அப்படியானால் நாய் நிஜமாகவே வருகிறது. அப்படியானால் நமக்கு இதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார்?

இந்தச் சந்தேகம் ஆரம்பித்தபிறகு அவருக்கு நிம்மதி போயிற்று. எதிர்வீட்டு வாசலில் சாம்பல் நிறக் கார் ஒன்று நிற்கத் தொடங்கியது. அது எதிர்வீட்டுக்காரரின் கார்தான், ஆனால் முன்பெல்லாம் மூக்கு சொந்த வீட்டைப் பார்க்க நிற்கும், இப்போது இவர் வீட்டைப் பார்த்து நின்றது. கடைக்கு வந்த ஒருவர் அரை அங்குல வால்வு கேட்டு, கொடுத்ததும் "நன்றி, எல்லாம் தெரிஞ்சவர் நீங்க" என்றார். அந்த ஆள் போனபிறகு வெண்டல் வெகுநேரம் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் போன் வந்தது.

"மிஸ்டர் ஓஸ்ட்ராம்? ஸ்டுடியோ கதைக் காப்புத் துறையிலேர்ந்து பேசறோம். நாங்க கூப்பிடலைன்னு எடுத்துக்குங்க."

"சரி. அப்ப நான் வெச்சிடவா?"

"வெச்சீங்கன்னா நாங்க கூப்பிட்டதா ஆயிடும்."

விசாரணை பர்பேங்கில், கடைசி எபிசோட் திரையிடும் அன்று காலையில். வந்து அந்தச் சேதியின் மூலத்தைச் சொன்னால் சாயங்காலம் இருக்கை உண்டு. சொல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க அந்த ஸ்டுடியோவின் எந்தப் படத்துக்கும், தொடருக்கும், பொம்மைக்கும் அவர் ஆகாதவர்.

பர்பேங்க் விமான நிலையத்தில் டெலேனி ஒரு தோள்பையோடு வெளியே வந்தாள். பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள்.

"பல்லைக் கடிக்கறீங்கப்பா. தூக்கமில்லையா?"

"ஒரு சின்ன விசாரணை இருக்கு. முடிச்சிட்டு நேரா தியேட்டர்."

விஷயத்தை வண்டியில் சொல்லி முடித்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நிஜமாச் சொல்லுங்க. யாராவது சொன்னாங்களா?"

"நீயுமா?"

"இல்ல... 'எனக்குத் தெரியும்'னு போட்டீங்களே. நீங்க தெரியாததைத் தெரியும்னு சொல்ற ஆள் இல்லயே. அம்மாவும் நானும் எப்ப திரும்பி வருவோம்னு நான் கேட்டப்பகூட 'தெரியல'ன்னுதான் சொன்னீங்க."

வெண்டல் சிக்னல் பச்சையானதுகூடத் தெரியாமல் நின்றார். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான்.

கதைக் காப்புத் துறைக்கு வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. பலகை இருந்த இடத்தில் நாலு திருகாணி ஓட்டை இருந்தது. போன்களைப் பூட்டுப் போட்ட பைக்குள் வாங்கிக்கொண்டார்கள். பின் ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள்.

"இது என்ன?" என்றாள் டெலேனி.

"அடுத்த காகிதத்தைப் படிச்சதா யார்கிட்டயும் சொல்லமாட்டோம்னு."

"அடுத்த காகிதத்துல என்ன இருக்கு?"

"அதைச் சொல்றதுக்கு நீங்க இதுல கையெழுத்துப் போடணும்."

போட்டார்கள். அடுத்த காகிதம் முழுக்கக் கறுப்புப் பட்டை. அதிலும் போட்டார்கள்.

நீளமான மேஜைக்கு அந்தப்புறம் மூன்றுபேர். நடுவில் துறைத் தலைவர் கோர்டன் ப்ரூயிட், ஒரு பக்கம் ரசிகர் மகிழ்ச்சித் துறையின் செலஸ்ட் வான், இன்னொரு பக்கம் வக்கீல் ஒருவர். வக்கீலின் பெயரைச் சொல்லவில்லை. அவரும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. கூலி மணிக்கணக்கில் என்பதால் அவசரமும் படவில்லை.

"மிஸ்டர் ஓஸ்ட்ராம்" என்றார் ப்ரூயிட். "ஒரு முடிவைக் காப்பாத்தறது சாதாரண வேலை இல்ல. இந்தக் கட்டடத்துல நானூறு பேர் அதுக்காக உழைக்கிறாங்க. கதை எழுதறது ஆறு பேர்தான். அதுலேர்ந்தே எது முக்கியம்னு புரிஞ்சுக்கலாம்."

"முடிவுல நாய் வருதா சார்?" என்றார் வெண்டல்.

"எனக்குத் தெரியாது."

"தெரியாதா?"

"தெரிஞ்சா நான்தானே முதல் சந்தேக ஆள்? முடிவு தெரியாதவனைத்தான் இந்த நாற்காலியில உக்கார வைப்பாங்க. அதுதான் நடுநிலைமை. நீங்க சொன்னது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. ஆனா கசிவுன்னு மட்டும் உறுதியாத் தெரியும்."

"சரியா தப்பான்னு தெரியாம எப்படிக் கசிவுன்னு..." என்று ஆரம்பித்தாள் டெலேனி.

செலஸ்ட் வான் குறுக்கிட்டார். அவருக்கு எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்லும் பயிற்சி கொடுத்திருந்தார்கள். "கசிவு தப்புன்னு நாங்க சொல்லவே இல்லம்மா! எங்க துறையே மாசம் ரெண்டு தடவை கசியவிடுது. திட்டம் போட்டு, ஒப்புதல் வாங்கி, பொய்யானதாப் பாத்துக் கசியவிடறோம். உங்கப்பா ஒப்புதல் இல்லாமப் பண்ணிட்டார். எங்க ஆளுங்க பதினெட்டு மாசமா உழைச்சும் ரசிகர்கள் இப்படி ஏங்கினதில்ல. நாங்க எவ்வளவு புண்பட்டிருப்போம்னு நினைச்சுப் பாருங்க."

"அப்ப ரெண்டு நாய்ப் படம் அறிவிச்சீங்களே? நாய் வருதுன்னு தெரிஞ்சுதானே?"

"அது வரப்போற படங்களோட துறை. அவங்க உங்கப்பா எழுதினதைப் பாத்து அறிவிச்சாங்க. 'எனக்குத் தெரியும்'னு இருந்துதில்ல? கம்பெனியில அப்படி உறுதியாச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்."

"நான் கம்பெனி ஆள் இல்லம்மா" என்றார் வெண்டல். "நான் குழாய்க் கடை."

ப்ரூயிட் முன்னால் சாய்ந்தார். "ஒரு பேர் சொல்லுங்க. எந்தப் பேரா இருந்தாலும் சரி. மூலம்னு ஒண்ணு கிடைச்சாத்தான் இந்த விசாரணையை மூட முடியும். மூடினா உடனே ரெண்டு இருக்கை. உங்க பொண்ணு இவ்வளவு தூரம் வந்திருக்காங்க."

வெண்டல் மகளைப் பார்த்தார். அவள் தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு, விமானத்தில் கசங்கிய 'ஹேலர் க்ரீக்' பனியனோடு உட்கார்ந்திருந்தாள். அவர் மனசில் டார்லா ஃபின்ச்சின் பெயர் வந்து நின்றது. ரஸ்ஸின் பெயரும் வந்தது. எதிர்வீட்டுக்காரர் பெயர் வரவில்லை, காரின் நிறம் மட்டும் வந்தது. யாராவது ஒருத்தரைச் சொல்லிவிட்டால் சாயங்காலம் இருட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பாப்கார்ன் தின்னலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"பேர் இல்ல சார்" என்றார். "நானாத்தான் சொன்னேன். ஒரு நாள் இவ போன்ல ரொம்ப டல்லாப் பேசினா. 'எல்லாம் முடியுதேப்பா'ன்னா. நான் வேற என்ன சொல்றது? நாய் வரும்னு சொல்லலாம்னு பாத்தேன்."

டெலேனி பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். எதையும் எடுக்கவில்லை.

ப்ரூயிட் பெருமூச்சு விட்டார். "அப்ப சரிபார்ப்புதான். எழுத்தாளரைக் கூப்பிடுங்க."

ரூத் அகுவிலார் உள்ளே வந்தார். தொடரின் தலைமை எழுத்தாளர். காலில் வீட்டுச் செருப்பு, ஸ்வெட்டர் முழுக்க ஏதோ வெளுத்த முடி. கடைசி எபிசோடை எழுதி முடித்த நாளிலிருந்து ஸ்டுடியோ அவரை எங்கேயும் விடுவதில்லை. காப்பிக் கடைக்குப் போனாலும் பின்னால் ஒருவர் போவார்.

ரூத் உட்கார்ந்ததும் மேஜைக்கு அந்தப்புறம் ஒரே பரபரப்பு. முடிவைக் கேட்க அதிகாரிகளுக்கு அனுமதி கிடையாது. மூன்றுபேரும் இழுப்பறையிலிருந்து பெரிய ஹெட்போன்களை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். கடல் அலைச் சத்தம் போட்டார்கள் போலிருக்கிறது, செலஸ்ட்டின் முகம் ஓய்ந்தது. ப்ரூயிட் எழுத்தாளரைப் பார்த்துக் கட்டைவிரலை மேலும் கீழும் காட்டினார். கசிவு என்றால் மேலே, இல்லை என்றால் கீழே.

"என்ன விஷயம்?" என்றார் ரூத், வெண்டலிடம். "எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. கறுப்பு ஒட்டின காகிதம் ஒண்ணு குடுத்தாங்க."

வெண்டல் தொண்டையைச் செருமிக்கொண்டார். இத்தனை வாரங்களில் இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் அவரிடம் கேட்டாயிற்று. அவரே கேட்க, பதில் தெரிந்த ஒருத்தர் எதிரே உட்கார்ந்திருப்பது இதுதான் முதல்தடவை.

"கடைசி எபிசோட்ல வாஃபிள் வருதாங்க?"

"வாஃபிளா? யாரது?"

"நாய்" என்றாள் டெலேனி. "முதல் சீசன். பனிமூட்டம்."

ரூத்தின் வாய் மெதுவாகத் திறந்தது. ஒரு கையால் அதை மூடிக்கொண்டார்.

"ஐயோ" என்றார். "மறந்துட்டோம்."

"மறந்துட்டீங்களா?"

"அடுத்த வாரம் திருப்பிக் கொண்டுவரலாம்னுதான் இருந்தோம். அப்புறம் ஷெரீஃபுக்குக் கல்யாணம் வந்துச்சு. அதுல போயிடுச்சு. ஆறு பேர் மேஜையைச் சுத்தி உக்காந்து இத்தனை வருஷம் எழுதியிருக்கோம், ஒருத்தருக்கும் தோணல பாருங்க. நாய் வராதுங்க. முடிவுல ஒரு ஹெலிகாப்டர் வரும், அவ்வளவுதான். மன்னிச்சுக்குங்க."

அவர் ப்ரூயிட் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைக் கீழே காட்டினார். ப்ரூயிட்டின் முகத்தில் பெரிய ஏமாற்றம். வக்கீல் ஒரு கோடு போட்டார். செலஸ்ட் கண்ணைத் திறந்து, ஹெட்போனைக் கழற்றாமலேயே இரண்டு டிக்கெட்டை மேஜைமேல் தள்ளி, அலைச் சத்தத்துக்கும் மேலாக, "வாழ்த்துக்கள்!" என்று கத்தினார்.

வெண்டல் டிக்கெட்டைத் தொடவில்லை. மகள் முகத்தைப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. ரூத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அது எங்கதாங்க போச்சு?"

"எங்க வீட்டுக்கு."

"என்னது?"

"அன்னிக்குப் பனிமூட்டத்துக்காகப் புகை மெஷின் போட்டாங்கல்ல, அந்தச் சத்தத்துல பயந்து ஓடி என் கார் சீட்டுக்கு அடியில படுத்துக்கிச்சு. இழுத்தும் வரல. நாயைக் கொண்டுவந்த ஆள், 'இது இனிமே நடிக்காது, நீங்களே வெச்சுக்குங்க'ன்னுட்டார். அன்னிலேர்ந்து எங்க வீட்லதான் இருக்கு. தினம் காலையில அதுக்குச் சாப்பாடு வெச்சிட்டுத்தான் இங்க வந்து கதை எழுதறேன். அப்பவும் ஞாபகம் வரல, என்னத்தச் சொல்ல." அவர் ஸ்வெட்டரிலிருந்து ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வயசாயிடுச்சு. ஒரு கண்ணு சரியாத் தெரியல. சோபா முழுக்க அதுக்குத்தான், நாங்க கீழ உக்காந்துக்கறோம்."

டெலேனியிடமிருந்து சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்து வெண்டல் திரும்பினார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது.

"ஒரு ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டுபேரும் வந்து பாக்கலாமாங்க?" என்றாள்.

"தாராளமா வாங்க" என்றார் ரூத். "ஆனா வாஃபிள்னு கூப்பிடாதீங்க, திரும்பிக்கூடப் பாக்காது. அது பேரு கெவின்."